இழுப்பது சுலபம், நிற்பாட்டுவதுதான் பாடு: முதன்முதலாக உழவு இயந்திரமும் பெட்டியும் வாங்குபவர்களுக்கு

வன்னியில் ஒரு குடும்பம் முதன்முதலாக உழவு இயந்திரம் வாங்குவது வீடு கட்டுவதற்குச் சமமான காரியம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ அனுப்பிய காசு, லீசிங், அடகு வைத்த நகை, இரண்டு மூன்று போகத்துச் சேமிப்பு எல்லாம் சேர்ந்துதான் அது முற்றத்துக்கு வருகிறது. வந்த அன்று தேங்காய் உடைத்து, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசித்து, திருநீறு பூசி வரவேற்கிறார்கள். பார்க்க வருபவர்கள் இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எத்தனை குதிரைவலு, எத்தனை மணித்தியாலம் ஓடியது, எஞ்சின் திறந்ததா, திறக்காததா? பின்னால் கொழுவி வந்த பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது ஓர் இரும்புத் தொட்டி, இரண்டு சில்லு, அவ்வளவுதான் என்பது நினைப்பு.

ஆனால் உழவு இயந்திர விபத்துச் செய்திகளை வாசித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது அந்தப் பெட்டிதான். பெட்டியிலிருந்து தவறி விழுந்து சில்லுக்குள் அகப்பட்டவர், லைற் இல்லாமல் நின்ற பெட்டியின் பின்பக்கத்தில் இரவில் மோதிய மோட்டார் சைக்கிள்காரர், பெட்டி தள்ளியதில் குடைசாய்ந்த சாரதி. நெடுங்கேணி, ஒலுமடு, குளவிசுட்டான், ஊஞ்சல்கட்டி, மருதோடைப் பக்கங்களில் இன்று புதிதாக இயந்திரம் எடுப்பவர்களில் பலர் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். வயலில் ஓட்டத் தெரியும். பெட்டி பூட்டி வீதியில் ஓட்டுவது வேறொரு வேலை. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது

பெட்டியைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இடப்பெயர்வுதான் பாடம் எடுத்தது. 2008இல் நெடுங்கேணியில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கமும், மன்னார், மல்லாவிப் பக்கத்தில் இருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்றும், கடைசியில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்றும் சனம் நகர்ந்தது பெட்டிகளில்தான். நெல் மூட்டை, கூரைத் தகரம், கதவு நிலை, தையல் மெசின், கோழிக்கூடு, அதற்கு மேலே அம்மம்மா, அவ மடியில் பிள்ளை. நின்ற இடத்தில் பெட்டிதான் வீடு. தறப்பாளை அதன் மேல் இழுத்துக் கட்டி, கீழே பாய் விரித்து, பக்கத்தில் பங்கர் வெட்டி இருந்தோம்.

அந்தக் காலத்தில் அவ்வளவு பாரமும் அவ்வளவு ஆட்களும் ஏற்றிய பெட்டிகள் பெரும்பாலும் கவிழாமல் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சனநெரிசலில் எல்லாமே நடை வேகத்தில் போயின. கிரவல் வீதி, குண்டும் குழியும், முன்னால் ஆயிரம் வாகனம். மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீற்றரில் போகும் பெட்டியிலிருந்து ஒருவர் விழுந்தால் எழும்பிப் போய் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். பிறேக் இல்லாவிட்டாலும் நிற்கும்.

இப்போது புளியங்குளத்தில் இருந்து நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி அப்படியில்லை. போருக்குப் பிறகு திருத்திய வீதிகளில் பஸ்ஸும் ரிப்பரும் பறக்கின்றன. உழவு இயந்திரமும் டொப் கியரில் 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. 30 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேல். குறுக்கே மாடு வந்ததைக் கண்டு கால் பிறேக்குக்குப் போகும் முன்னரே எட்டு மீற்றர் போய்விடும். வீதியும் வேகமும் மாறிவிட்டன, ஏற்றும் பழக்கம் மட்டும் 2008இலேயே நிற்கிறது.

எஞ்சின் இழுக்கும் என்பது கணக்கல்ல

புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் கணக்கு ஒன்றுதான்: இழுக்குதா இல்லையா? 45, 50 குதிரைவலு உள்ள ஒரு மசி பெர்குசனோ மகேந்திராவோ சமதரையில் தன்னைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தை இழுத்துவிடும். தாழ் கியர் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் நிற்பாட்டும்போது கியர் உதவுவது கொஞ்சம்தான். பெட்டிக்கு பிறேக் இல்லையென்றால் முழுப் பாரத்தையும் இயந்திரத்தின் இரண்டு பின்சில்லுகள்தான் பிடிக்க வேண்டும்.

மணலை எடுத்துக்கொள்வோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.8 கனமீற்றர். காய்ந்த மணல் ஒரு கியூப் நாலரைத் தொன் வரும். ஆற்றிலிருந்து நேரே அள்ளிய ஈர மணல் ஐந்து தொன்னையும் தாண்டும். இயந்திரத்தின் நிறையோ இரண்டு தொன் அளவில். இரண்டு தொன் உள்ள ஒன்று ஐந்து தொன்னைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. ஈரமான வீதியில், அதுவும் தேய்ந்த ரயரோடு, அது நடக்காது. பெட்டி தள்ளும். இயந்திரம் நேரே நின்றால் தப்பலாம். கொஞ்சம் திரும்பியிருந்தால் பெட்டி அதை மடக்கிக் குடைசாய்க்கும்.

நெல்லும் அப்படித்தான். ஒரு மூட்டை 65 கிலோ என்று வைத்தால் 60 மூட்டை நான்கு தொன்னுக்கு நூறு கிலோதான் குறைவு. ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி, தாங்கியின் நிறை போகச் சரியாக ஒரு தொன். அது பாதி நிரம்பியிருந்தால் நிறை குறைவு என்று நினைக்க வேண்டாம். உள்ளே தண்ணீர் அலைந்து வளைவில் ஒரு பக்கமாக அடிக்கும். ஒன்றில் நிரப்புங்கள், இல்லையேல் வெறுமையாகக் கொண்டு போங்கள்.

பெட்டி செய்தவர் அது தாங்கும் நிறையைத் தகட்டில் பொறித்திருந்தால் அதுவே எல்லை. தகடு இல்லாத பெட்டிதான் எங்கள் பக்கம் கூட. அப்படியென்றால் அச்சும் ரயரும் எவ்வளவு தாங்கும் என்று பெட்டி செய்யும் பட்டறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு பிறேக் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். இருந்தும் இணைப்பு வயரோ குழாயோ கழற்றிவிடப்பட்ட பெட்டிகள் நிறைய ஓடுகின்றன. திருத்தும் செலவு ஒரு போகத்து நெல் ஏற்றிய கூலியில் வந்துவிடும்.

இயந்திரத்தின் பிறேக்கிலும் புதியவர்கள் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் பிறேக் மிதி இரண்டு இருக்கும். ஒன்று இடது பின்சில்லுக்கு, மற்றது வலதுக்கு. வயலில் வரம்போரம் வெட்டித் திருப்புவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வீதிக்கு ஏறும் முன் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு தகட்டைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் இயந்திரம் அந்தப் பக்கம் சுழலும், பின்னால் பெட்டி வந்து மோதும். வயலில் இருந்து வீதிக்கு ஏறும் இடத்தில் இறங்கி இந்தத் தகட்டைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது பெரிய கெட்ட பழக்கம். எண்ணெய் மிச்சம் என்பார்கள். குளக்கட்டால் இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். கியரை இறங்கத் தொடங்கும் முன்னரே போட வேண்டும். பாதியில் கிளச்சை மிதித்தால் அந்த நேரம் உங்களைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை.

கொழுவும் இடம்

பெட்டியை எங்கே கொழுவுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. இயந்திரத்தின் பின்னால் தாழ்வாக, அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைச் சட்டம் மட்டுமே இழுப்பதற்கு. பின் அச்சுக்கு மேலே எந்த இடத்தில் சங்கிலியையோ கம்பியையோ கட்டி இழுத்தாலும், சுமை அசையாமல் நின்றால் இயந்திரத்தின் முன்பக்கம் எழும்பும். பின்சில்லு சேற்றில் இறுகி நிற்க, எஞ்சின் தன்னைத்தானே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சில்லு எழும்பத் தொடங்கிப் பின்பக்கமாக மல்லாக்க விழும் நிலைக்கு வர ஒரு செக்கன்கூட எடுக்காது. கிளச்சை மிதிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். மரம் இழுப்பவர்களும், புதைந்த பெட்டியை இழுப்பவர்களும்தான் பெரும்பாலும் இப்படி அகப்படுகிறார்கள்.

மாரியில் புதைந்தால் செய்யக்கூடாத இன்னொன்று, பின்சில்லில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பது. கட்டை சில்லைச் சுழலவிடாது. சில்லு சுழலாவிட்டால் உடம்பு சுழலும். பெட்டியைக் கழற்றி, பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் பாரத்தை இறக்குங்கள். இரண்டு மணித்தியாலம் போகும், போகட்டும்.

அடுத்தது பூட்டும் ஆணி. பெட்டியின் கண்ணியையும் இழுவைச் சட்டத்தையும் சேர்க்கும் அந்தத் தடித்த இரும்பு ஆணிக்குப் பதிலாகக் கம்பித் துண்டு, பழைய போல்ட், அலவாங்கு முனை என்று கையில் கிடைத்ததைப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். துவாரத்துக்கு அளவான ஆணி வேண்டும். ஆடினால் ஒவ்வொரு குழியிலும் அடிபட்டுத் துவாரம் நீளும், ஆணி தேயும், ஒரு நாள் வெட்டுப்படும். ஆணி துள்ளி மேலே வராமல் இருக்க அதன் அடியில் ஒரு கிளிப் போட ஒரு சிறு துவாரம் இருக்கும். கிளிப் இல்லாத ஆணி, ஆணியே இல்லை. இதைவிட, பெட்டியின் சட்டத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஒரு தடித்த சங்கிலியைத் தொய்வாகக் கட்டி வையுங்கள். ஆணி முறிந்தாலும் பெட்டி தன்பாட்டில் எதிர் வாகனத்துக்குள் போகாது. திரும்புவதற்கு இடம் விடும் அளவு தொய்வு, நிலத்தில் இழுபடாத அளவு உயரம்.

கனடாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் சிலர் இப்போது கோடையில் வீடு போன்ற பெட்டிகளை வானுக்குப் பின்னாலும், பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயும் கொழுவிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறார்கள். தொட்டிக்குள் கொழுவும் வகைக்கு ஐந்தாம் சில்லு என்று பெயர். உண்மையில் அங்கே ஐந்தாவது சில்லு ஒன்றும் இல்லை. குதிரை வண்டிகளின் முன் அச்சு திரும்புவதற்குப் படுக்கையாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். பார்வைக்குச் சில்லு போல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொள்கலன் இழுக்கும் பெரிய லொறிகளிலும் அதே தட்டுத்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கொழுவியவுடன் புறப்படமாட்டார்கள். பெட்டியின் பிறேக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்னுக்கு மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். பூட்டு விழுந்திருந்தால் அசையாது. பிறகு இறங்கிப் போய்க் கண்ணாலும் பார்ப்பார்கள். பெட்டி கழன்றால் தானாகப் பெட்டியின் பிறேக் பிடிப்பதற்கு ஒரு வயரும் இருக்கும். அவர்களின் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை நாங்களும் எடுக்கலாம். பெட்டிச் சில்லுக்குக் கட்டை வைத்து, தாழ் கியரில் ஒரு சாண் இழுத்துப் பார்த்தால் போதும்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. தமிழர் செறிந்து வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், இழுபட்டு ஓடும் வீட்டுப்பெட்டிக்குள் ஆள் இருக்க நெடுஞ்சாலைச் சட்டம் விடாது. சோபாவும் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ளே இருக்கும், ஆனால் ஓடும்போது ஒருவரும் இருக்கக்கூடாது.

பெட்டியில் ஆட்கள்

எழுதச் சங்கடமான பகுதி இது. பெட்டியில் ஆள் ஏற்ற வேண்டாம் என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வயலுக்குப் போகும் கூலிப் பெண்களுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரோடு போவதும், செத்தவீட்டுக்குப் போவதும் பெட்டியில்தான். பெட்டி வைத்திருப்பவர் மறுத்தால் அயலில் முகம் கொடுக்க முடியாது.

அப்படியிருந்தும் சில விடயங்களில் முகம் பார்க்க முடியாது. மட்காட்டில் ஆள் இருப்பது, இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் சட்டத்தில் நிற்பது, நெல் மூட்டைக்கு மேலே, மணலுக்கு மேலே, வைக்கோலுக்கு மேலே இருப்பது. இந்த இடங்களில் இருந்து விழுபவர் நேரே சில்லுக்கு முன்னால்தான் விழுகிறார். சாரதிக்குப் பின்னால் நடப்பது தெரியாது. சத்தமும் கேட்காது. பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவதும் இதற்குள் அடங்கும். அது பாசம்தான். ஒரு குழியில் ஸ்டியறிங் துள்ளினால் பிள்ளையைப் பிடிக்கக் கை இருக்காது.

ஆள் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பாரம் ஏற்றாதீர்கள். நான்கு பக்கப் பலகையும் பூட்டி, எல்லோரையும் அடித்தட்டில் இருத்துங்கள். பலகை விளிம்பில் ஒருவரும் வேண்டாம். நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. நின்றபின் சாரதி சொல்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. இதையெல்லாம் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆள் ஏற்றும் வாகனம் அல்ல. உங்கள் காப்புறுதி பெட்டியில் இருப்பவர்களுக்கு இழப்பீடு கொடுக்குமா என்று காப்புறுதி எடுக்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பலருடையது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். அதில் பெட்டியே சேர்க்கப்படாமல் இருப்பதும் உண்டு.

லான்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் நாங்கள் லான்ட்மாஸ்டர் என்கிறோம். அது ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் பெயர். மெசின் போனாலும் பெயர் நின்றுவிட்டது. விலை குறைவு என்பதால் முதல் வாகனம் பலருக்கு இதுதான். பயிற்சி இல்லாமல் ஓட்டத் தொடங்குவதும் இதைத்தான்.

இதன் இரண்டு கைபிடிகளிலும் ஒவ்வொரு கிளச் இருக்கும். சமதரையில் இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லுக்கு வலு போகாது, வலது சில்லு தள்ளும், மெசின் இடப்பக்கம் திரும்பும். இது எல்லோருக்கும் தெரியும். பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது இது தலைகீழாகிவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இறக்கத்தில் பெட்டி தள்ளுகிறது, எஞ்சின் இரண்டு சில்லுகளையும் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லு பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், வலது சில்லு பிடிபட்டபடி நிற்கும், மெசின் வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டில் இடப்பக்கம் வெட்ட நினைத்தவர் வலப்பக்கத் தண்ணீருக்குள் போவது இப்படித்தான். பயத்தில் கிளச்சை இன்னும் இறுக்கிப் பிடிப்பார், இன்னும் திரும்பும்.

ஆகவே இறக்கத்தில் கைக் கிளச்சைத் தொடவே வேண்டாம். தாழ் கியர், எஞ்சின் சூடு குறைவாக, பெட்டியின் கால் பிறேக்கை விட்டுவிட்டு மெல்ல மிதித்து, கைபிடியை உடம்பின் பலத்தால் தள்ளித் திருப்புங்கள். புதிதாக வாங்கியவர் வெறும் பெட்டியோடு ஒரு சிறு இறக்கத்தில் பழகியவருடன் சேர்ந்து இதைச் செய்து பார்க்க வேண்டும்.

காலை இழந்தவர்கள் பலர் எங்கள் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைக்கிறார்கள். பொய்க்காலோடு கிளச் மிதிப்பவர்களுக்கு மிதியில் கால் வழுக்குவதும், மிதி எவ்வளவு இறங்கியது என்று உணர முடியாததும் பெரிய பிரச்சினை. மிதியின் விளிம்பில் ஒரு சிறு தடுப்புத் தகடு ஒட்டுவிப்பதும், சொரசொரப்பான றப்பர் போடுவதும் ஒட்டு வேலை செய்யும் எந்தக் கடையிலும் முடியும். இடது கால் இல்லாதவருக்கு லான்ட்மாஸ்டரைவிட இருக்கை உள்ள நான்கு சில்லு இயந்திரம் உகந்ததா, இல்லையா என்பது காலின் எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. முழங்காலுக்கு மேலே என்றால் வாங்கும் முன் கடையிலேயே ஏறி இருந்து, இருபது தடவை கிளச்சை மிதித்துப் பாருங்கள். களைப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

ஏற்றும் முறை

இரண்டு சில்லுப் பெட்டியில் பாரத்தின் பெரும்பகுதி அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும். பின்னால் கூடினால் பெட்டி இயந்திரத்தின் பின்பக்கத்தைத் தூக்கும், சில்லுக்குப் பிடி போய்விடும். முன்னால் மிதமிஞ்சினால் இயந்திரத்தின் முன்சில்லு நிலத்தில் ஊன்றாது, ஸ்டியறிங் வேலை செய்யாது. வைக்கோல், விறகு போன்றவை நிறை குறைவு, உயரம் கூட. வளைவிலும் வரம்பு ஏறும்போதும் கவிழ்வது இவைதான். மின்கம்பியையும் நிமிர்ந்து பாருங்கள். ஒழுங்கைகளில் வீட்டுக்கு இழுத்த வயர்கள் தாழ்வாகத் தொங்கும்.

லைற்

இதற்கு விளக்கம் தேவையில்லை. பெட்டியின் பின்னால் சிவப்பு லைற் இரண்டும், சிவப்பு ஒளிதெறிப்பு ஸ்ரிக்கரும் இல்லாமல் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீதிக்கு வராதீர்கள். மண் படிந்த ஸ்ரிக்கர் தெறிக்காது, துடையுங்கள். பெட்டி இயந்திரத்தைவிட அகலம் என்பதால் ஸ்ரிக்கர் இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டும், நடுவில் அல்ல. வீதியோரம் பழுதாகி நின்றால் இலைக் கொப்பு வைப்பது பகலுக்குச் சரி. இரவில் அது தெரியாது. முக்கோண ஒளிதெறிப்பான் ஒன்றை வாங்கி, ஐம்பது மீற்றர் பின்னால் வையுங்கள்.

நெடுங்கேணியில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கமும் புளியங்குளம் பக்கமும் காடு. யானை வீதியில் நின்றால் பெட்டியோடு வெட்டித் திருப்ப முடியாது. தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். பெட்டியைத் திருப்புவதற்காகப் பற்றைக்குள் பின்னெடுக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சனம் குடியேறிய காணியில் வெடிபொருள் அகற்றியிருப்பார்கள், காட்டோரத்தில் அப்படியென்று எண்ண முடியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் சில்லு இறக்க வேண்டாம். பலகை விழுந்து பற்றை மூடியிருக்கவும் கூடும் என்பதால் அயலவரிடம் கேளுங்கள்.

நிற்கும் பெட்டி

பெட்டிக்குக் கீழே படுத்த தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகளும் நிழலுக்கு அங்கேதான் போகிறார்கள். இயந்திரத்தில் இருந்து கழற்றிய இரண்டு சில்லுப் பெட்டி ஒரு தராசு. முன்கால் மண்ணில் புதைந்தாலோ, பின்னால் இரண்டு பிள்ளைகள் ஏறினாலோ சரியும். கழற்றும் முன் இரண்டு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், முன்காலுக்குக் கீழே பலகைத் துண்டு போடுங்கள், பின்பக்கச் சட்டத்துக்கும் ஒரு முண்டு கொடுங்கள். கொட்டும் வகைப் பெட்டியென்றால், தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே கிறீஸ் அடிப்பவர் அதன் இரும்புத் தாங்கியை நிறுத்தாமல் கையை நீட்டக்கூடாது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் தொட்டி ஒரே அடியாக விழும்.

பழைய பெட்டி வாங்குபவர்கள்

போரில் விட்டுவந்து பிறகு மீட்ட பெட்டிகளும், அவற்றின் அச்சையும் சட்டத்தையும் எடுத்துப் புதிதாகத் தகடு அடித்த பெட்டிகளும் இன்னும் கைமாறுகின்றன. புதுப் பெயின்ற் கண்ணை ஏமாற்றும். இழுவைச் சட்டம் தொட்டியோடு சேரும் மூலையை இரும்புத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கடலோரத்தில் கிடந்த இரும்பு உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். ஒட்டின் மேல் ஒட்டு, மயிரிழை வெடிப்பு, சன்னத் துவாரத்தை அடைத்த தகடு இருந்தால் விலை பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். ரயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்பதைவிடப் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்பது முக்கியம். வெயிலில் வருடக்கணக்காக நின்ற பெட்டியின் ரயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், பாரம் ஏற்றிய அன்று வெடிக்கும். வாங்கி ஓடத் தொடங்கி முதல் ஐம்பது கிலோமீற்றரில் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சில கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, சில்லின் நடுவுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பெயாரிங்கில் கிறீஸ் இல்லை அல்லது அது போய்விட்டது.

பத்திரம் தனிக்கதை. இயந்திரத்தைப் போலவே பெட்டிக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தனிப் பதிவு, தனி இலக்கம் உண்டு. போரில் புத்தகம் தொலைந்த வாகனங்கள் பல. பதிவு உரிமையாளர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால், மனைவியோ தாயோ விற்கும்போது பெயர் மாற்றம் சிக்கலாகும். மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கும் குடும்பங்களை அதற்காக நெருக்குவது கொடுமை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், ஆள் காணாமலிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை இறப்பை ஒப்புக்கொள்ளாமலே அந்தக் குடும்பம் பெற முடியும். அதை வைத்துப் பெயர் மாற்ற என்ன செய்யலாம் என்று காசு கொடுக்கும் முன் பிரதேச செயலகத்திலும் திணைக்களத்திலும் விசாரியுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ஓடுபவர், விபத்து நடந்த அன்று காப்புறுதி இல்லாதவர். அனுமதிப்பத்திரத்திலும் இயந்திரத்துக்குரிய வகுப்பு இருக்க வேண்டும்: நான்கு சில்லுக்கு ஜி, லான்ட்மாஸ்டருக்கு ஜி1. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் போதாது.

இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் உபரி ஆணி ஒன்று, நான்கு கிளிப், இரண்டு சில்லுக்கட்டை, நட்டு இறுக்கும் சாவி, டோர்ச், முக்கோண ஒளிதெறிப்பான், இரத்தப்போக்கை அமத்திக் கட்டத் துப்பரவான துணி ஆகியவை இருக்கட்டும். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. சில்லுக்குக் கீழே அகப்பட்டவரை இழுத்தெடுக்க அவசரப்பட்டு இயந்திரத்தை முன்னுக்கோ பின்னுக்கோ எடுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, ஜக்கால் பெட்டியைத் தூக்குங்கள். ஜக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், பாரமேற்றிய பெட்டியைத் தூக்கும் அளவான ஜக்.